தடைக்காலத்து மூச்சு

ஊரை ஊதச் சொல்வதுதான் என் வேலை. கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால், மூச்சுப் பரிசோதனை டெக்னீஷியன். சிதம்பரத்தில் ஆஸ்துமாவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு சிறிய குழுவில் சம்பளத்துக்கு இருக்கிறேன். கம்ப்யூட்டரோடு இணைத்த குழாயை வாயில் கவ்விக்கொண்டு, நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சில் வெளியே தள்ள வேண்டும். தள்ளுகிறவர் பாதியில் விட்டுவிடக் கூடாது என்பதற்காக நான் பக்கத்தில் நின்று, "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று கத்திக்கொண்டே இருப்பேன். மஞ்சக்குப்பத்தில் எங்கள் மாடி வீட்டுக்காரர்கள், நான் தூக்கத்திலும் இப்படிக் கத்துவதாகச் சொல்கிறார்கள். அது பொய் என்று இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கும் ஆஸ்துமா உண்டு. கம்மாபுரம் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான். சிறு வயதில் எனக்கு இழுப்பு வரும்போதெல்லாம் அம்மா யார் மேலாவது பழி போடுவாள். ஒரு நாள் வாழைப்பழம் குற்றவாளி, மறுநாள் தயிர், அதற்கடுத்த வாரம் தலைக்குக் குளித்தது. பிறகு ஊசி போட்டு வருவோம், மூச்சு சீராகும், அடுத்த இழுப்புவரை எல்லோரும் அதை மறந்துவிடுவோம். நன்றாக இருக்கிற நாட்களிலும் மூச்சுக்குழாயின் உள்பக்கம் சன்னமாக வீங்கித்தான் இருக்கிறது, அந்த வீக்கத்துக்குத் தினமும் மருந்து இழுத்தால் இழுப்பே வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை. முன்பெல்லாம் வைத்தியர்களே, குழாய் இறுகுவதைத்தான் நோய் என்று நினைத்தார்கள். வீக்கம்தான் வேர் என்று ஆராய்ச்சியில் தெரிந்த பிறகு வைத்தியமே மாறிவிட்டது. இந்த வேலையில் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எத்தனை பள்ளிக்கூட நாட்களை நான் தலையணையில் சாய்ந்தபடியே கழித்திருக்கிறேன்!

கோபம் எனக்கு மூக்கின் நுனியிலேயே இருக்கும். ஆனால் மூச்சுக் குறைவானவர்களுக்குக் கோபம் கட்டுப்படியாகாது. நல்ல வாக்கியமாக ஆரம்பிப்போம், பாதியில் காற்று தீர்ந்துவிடும், எதிராளி ஜெயித்துவிட்டுப் போய்விடுவார். தினமும் மருந்து இழுக்க ஆரம்பித்த பிறகுதான் நான் ஒரு சண்டையை முழுதாகப் போட்டு முடித்தேன். எங்கள் வீட்டு ஓனர் அம்மாவோடு, தண்ணீர் மோட்டாரைப் பற்றி.

நான் சொல்ல வந்தது கடலூர்க் கரையோரக் கிராமம் ஒன்றில் நடந்தது. துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கிறது அந்த ஊர். ஆண்கள் கடலுக்குப் போவார்கள். பெண்களில் பலருக்கு ஊர் எல்லையில் இருக்கும் இறால் ஷெட்டில் வேலை. விசைப்படகில் வரும் இறாலை அங்கே கழுவி, வேகவைத்து, ஓடு உரித்து அனுப்புவார்கள். அந்தப் பெண்களுக்கு இருமலும் இழுப்பும் ஜாஸ்தி என்று எங்கள் குழுவின் தலைவியான டாக்டரம்மாவுக்குக் காதில் விழுந்திருந்தது. இறாலை வேகவைக்கும்போது எழும் ஆவியோடும், தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும்போது பறக்கும் சாரலோடும் இறாலின் புரதச் சத்து கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் கலந்துவிடும். ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசிக்கிற சிலருக்கு மூச்சுக்குழாய் அதையே பகையாக நினைத்து வீங்க ஆரம்பிக்கும். பல நாடுகளில் இதை ஏற்கெனவே கண்டிருக்கிறார்கள். நம் கரையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

சமுதாயக் கூடத்தில் முகாம் போட்டோம். முந்தின நாளே வீடு வீடாகப் போய், "காலையில வீசிங்குக்கு எந்த மருந்தும் போடாம வாங்க" என்று சொல்லியிருந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் எல்லோரும் தலை வாரிப் பூ வைத்து, நல்ல புடவை கட்டி வந்தார்கள். வந்து ஊதினார்கள் பாருங்கள், எனக்கு வாய் பிளந்துவிட்டது. கத்த வேண்டிய அவசியமே இல்லை. சங்கு ஊதுகிற மாதிரி ஊதினார்கள். திரையில் கோடு ஜம்மென்று ஏறி இறங்கியது. கூடத்துக்கு வெளியே இருமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது, உள்ளே வந்தால் அத்தனை பேரும் ஓட்டப்பந்தயக்காரர்கள்.

குழாயைப் பிடித்த கைகள் மட்டும் லேசாக நடுங்கின. புது இடம், புது மிஷின், பயம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா ஒவ்வொரு கோட்டையும் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "இந்த ஊருல யாருக்குமே ஆஸ்துமா இல்லன்னுதான் நான் எழுதணும் போலருக்கு" என்றார். அவர் குரலில் ஒரு சோர்வு இருந்தது. இந்த ஆய்வுக்கு அனுமதி வாங்க அவர் எத்தனை வாசல் ஏறினார் என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக வந்தவர் ஷெட்டில் இறால் வேகவைக்கும் அக்கா. நாற்பதைத் தாண்டிய வயது, ஒல்லியான உடம்பு, பெரிய குரல். ஊதி முடித்ததும் குழாயைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"மேடம், நான் பாஸா?"

"நல்லா ஊதுனீங்கக்கா."

"பாஸான்னு கேக்குறேன்."

"பாஸுதான்னு வச்சிக்குங்களேன்."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. வாசலில் நின்ற பெண்களைப் பார்த்து, "அடியே, ஊசி போட்டுக்கினு வந்தது வீண் போவல!" என்று கத்தினார்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். எனக்கு அப்போதுதான் அந்தக் கை நடுக்கம் உறைத்தது. வீசிங்குக்கு ஊசி போட்டாலோ, அவசரத்துக்கு இழுக்கும் மருந்தைக் கூடுதலாக இழுத்தாலோ எனக்கும் விரல்கள் அப்படித்தான் நடுங்கும். என் கையை நானே தினம் பார்த்துக்கொண்டிருந்தும் தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

விசாரித்தால், விஷயம் மிக எளிமையானது. அந்த ஊரிலிருந்து நிறையப் பேர் வெளிநாட்டுப் படகுகளில் மீன்பிடிக்கப் போகிறார்கள். போகும் முன் மெடிக்கல் உண்டு. மெடிக்கல் என்றால் பாஸாக வேண்டும், இல்லாவிட்டால் பிழைப்பு போயிற்று. அதனால் சர்க்கரைக்காரர் முந்தின நாளே பட்டினி கிடப்பார், பிரஷர்காரர் கூடுதலாக ஒரு மாத்திரை போடுவார். பல ஆண்டுப் பழக்கம். எங்கள் முகாமையும் ஊர் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தது. ஆம்பளைங்க மெடிக்கல் வெளிநாட்டுக்கு, பொம்பளைங்க மெடிக்கல் ஷெட்டுக்கு. விடிந்ததும் கும்பலாகப் போய் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊசி போட நேரம் கிடைக்காதவர்களுக்குக் கூடத்தின் பின்பக்கம், வாயில் வைத்து இழுக்கும் மருந்து பஃப் ஒன்றே ஒன்று கைமாறியிருக்கிறது. 'மருந்து போடாம வாங்க' என்று நான் சொன்னதை, திறமையைச் சோதிக்கிற தந்திரம் என்று எடுத்துக்கொண்டார்களாம்.

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடத்தின் நடுவில் நின்று ஒரு பிரசங்கம் செய்தேன். இது பரீட்சை இல்லை, மோசமாக ஊதுகிறவர்களுக்குத்தான் இங்கே வைத்தியம், உங்கள் பெயர் ஷெட்டுக்குப் போகாது என்று மூச்சு முட்ட முட்டச் சொன்னேன். எல்லோரும் மறுபடி மிக மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் மட்டும், "ஃபெயிலானா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க மேடம். உனுக்கு இன்னா தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி.

அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது. "நாளைக்கு நானும் மருந்து போடாம வர்றேன். எல்லாரும் இங்க வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று புரிந்தது. அது பனிக்காலம் வேறு. டாக்டரம்மா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. பிறகு, தான் பக்கத்தில் இருந்தால் சரி என்றார்.

மறுநாள் மஞ்சக்குப்பத்திலிருந்து ஆட்டோவில் வரும்போதே நெஞ்சில் பூனை கத்த ஆரம்பித்துவிட்டது. கூடம் நிறைய ஆட்கள். வேடிக்கை என்றால் நம் ஜனங்கள் விடுவார்களா? குழாயை வாயில் வைத்து ஊதினேன். யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஊர்ப் பெண்கள் "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று கத்தினார்கள். திரையில் என் கோடு, கயிறு தளர்ந்த கட்டில் மாதிரி உள்ளே தொய்ந்து விழுந்தது. பிறகு டாக்டரம்மா எனக்கு மருந்து கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதினேன். கோடு நிமிர்ந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, "இப்படித் தொய்ஞ்சு, மருந்துக்கு நிமிர்ந்தா அதான் ஆஸ்துமா. ஊசி போட்டுட்டு வந்தா எனக்கு எதுவும் தெரியாது" என்றார் டாக்டரம்மா.

முந்தின நாள் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஃபெயிலான பொண்ணையே வேலைக்கு வச்சிக்கினு இருக்கீங்களா?"

"சம்பளமும் குடுக்கிறோம்" என்றார் டாக்டரம்மா.

கூடமே சிரித்தது. நானும்தான்.

அதற்கடுத்த நாள் அந்த அக்கா தனியாக வந்தார். பூ இல்லை, நல்ல புடவை இல்லை. கூடத்தின் படி ஏறியதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பேச்சு வரவில்லை. கையால் மிஷினைக் காட்டினார். ஊதினார். நான் கத்தவில்லை. கத்துவதற்கு மனசு வரவில்லை. அவர் கோடு என் கோட்டைவிட மோசம். மருந்து கொடுத்த பிறகு நிமிர்ந்தது.

மூச்சு திரும்பியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஷெட்டுல மட்டும் சொல்லிடாதீங்கம்மா. எம் பொண்ணு சிதம்பரத்துல நர்சிங் படிக்கிது. அது படிப்பு முடியிற வரைக்கும் நான் அங்க நின்னாவணும்."

அவர் வீட்டுக்காரர் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அதை அவர் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். டாக்டரம்மா அக்காவின் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். தினமும் இழுக்க வேண்டிய மருந்தும் அன்றே கொடுத்தார். முதலில் அக்கா கேட்ட கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன்: "இத எடுத்தா பழகிப்போயிடுமாமே?" என் பையிலிருந்து அதே மருந்தை எடுத்துக் காட்டினேன். மூச்சு விடுவதும்தான் பழகிவிட்டது, நிறுத்த முடிகிறதா என்றேன்.

ஆனாலும் கேள்வி நின்றது. அவர் இழுப்புக்குக் காரணம் ஷெட்டுத்தானா? வேலை செய்யும் நாளிலும் செய்யாத நாளிலும் ஊதவைத்துப் பார்த்தால்தான் தெரியும். அவரோ லீவே எடுக்காதவர். அப்போது டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகளையெல்லாம் கரையில் கட்டிவிடுவார்கள். அந்த ஷெட்டுக்குக் கடல் இறால் மட்டும்தான் வரும். படகு நின்றால் ஷெட்டும் பூட்டு. இந்த ஆராய்ச்சிக்கு யாரோ திட்டம் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

கையில் பிடித்து ஊதுகிற சின்ன பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருக்கிறது. ஊதினால் அதில் ஒரு முள் நகரும், எவ்வளவு வேகமாக மூச்சு வருகிறது என்று காட்டும். அதை அக்காவுக்கும், அதற்குள் துணிந்து வந்திருந்த இன்னும் சில பெண்களுக்கும் கொடுத்தோம். காலையும் மாலையும் ஊதி, முள் நின்ற எண்ணை எனக்கு போனில் குரல் செய்தியாக அனுப்ப வேண்டும். மருந்தை எல்லோரும் ஒரே அளவில் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

தடைக்காலத்துக்கு முந்தின வாரங்களில் அக்காவின் செய்தியில் வெறும் எண் மட்டும்தான் வரும். அதையும் இரண்டாக உடைத்துச் சொல்வார், நடுவில் ஒரு மூச்சு. மருந்து கொஞ்சம் கைகொடுத்திருந்தது, ஆனால் போதவில்லை.

படகுகள் கட்டப்பட்டன. முதல் வாரம் பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு செய்தி நீள ஆரம்பித்தது. எண்ணோடு, "குழம்பு வச்சிட்டேன்" சேர்ந்துகொண்டது. பிறகு என்ன குழம்பு என்று வந்தது. பிறகு மாமியார் என்ன சொன்னார், அதற்கு இவர் என்ன சொன்னார், பக்கத்துத் தெருவில் யாருடைய மச்சான் குடித்துவிட்டு எந்த வலைக்குள் விழுந்தான் என்று ஊர்க் கதை முழுக்க வந்தது. ஒரே மூச்சில், நிறுத்தமே இல்லாமல். சமயத்தில் எண்ணைச் சொல்லவே மறந்துவிடுவார். நான் திரும்பக் கூப்பிட்டு, "அக்கா, நம்பர்" என்று கேட்க வேண்டியிருந்தது. சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டு தனியாகச் சிரிப்பேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் தள்ளி உட்காருவார்கள்.

தடைக்காலம் முடிந்து படகு போயிற்று, ஷெட் திறந்தது. அந்த வாரக் கடைசியில் குழம்பு நின்றது. அடுத்த வாரம் மறுபடி எண் மட்டும், நடுவில் மூச்சோடு. மற்ற பெண்களில் சிலருக்கும் அப்படியே. டாக்டரம்மா எண்களைக் கோடாகப் போட்டுப் பார்த்தார். ஷெட் பூட்டியிருந்த நாட்களில் மேடு, திறந்ததும் பள்ளம். யார் பார்த்தாலும் புரியும்.

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அது கொண்டாட்டமான நாள். காரணம் கையில் கிடைத்துவிட்டது. நான் இனிப்பு வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் இனிப்பைத் தொடவில்லை.

"அப்ப வேலைய உட்டுடணுமா?"

காரணத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், அந்தக் காரணம்தான் அவர் பெண்ணைப் படிக்கவைக்கிறது என்பதை வழியெல்லாம் மறந்திருந்தேன். மருந்தைக் கூட்டிக்கொண்டே ஆவியில் நின்றால் நாளாக நாளாக மூச்சு திரும்பாமலே போகலாம். வேலையை விட்டால் படிப்பு நின்றுவிடும். இரண்டையும் அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

டாக்டரம்மா கோட்டுப் படங்களை எடுத்துக்கொண்டு ஷெட் முதலாளியைப் பார்க்கக் கிளம்பினார். படங்களில் யார் பெயரும் இல்லை. நானும் போனேன். முதலாளி மரியாதையாக டீ வரவழைத்தார். "எறா தின்னா வீசிங் வருமா? ஊரே தின்னுது. எங்க வூட்டுல டெய்லி எறாதான்" என்றார். தின்பது வேறு, ஆவியை இழுப்பது வேறு என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, அதனால் டீயையே குடித்துக்கொண்டிருந்தேன். வேகவைக்கும் இடத்துக்கு மேலே ஆவியை வெளியே இழுக்கும் ஃபேன், ஒரு பக்கச் சுவரில் திறப்பு, தண்ணீரைப் பீய்ச்சாமல் வழியவிட்டுக் கழுவுவது, இவைதான் டாக்டரம்மா கேட்டவை. பார்க்கலாம் என்றார் முதலாளி. பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா?

அப்போது உள்ளே இருந்து அக்கா வந்து நின்றார். நாங்கள் வந்திருப்பது அவருக்குத் தெரியும். அவரைப் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பேச வேண்டாம் என்றுகூட என் கண்ணால் ஜாடை காட்டினேன்.

"மொதலாளி, அந்தப் படத்துல ஒண்ணு என்னுது" என்றார். கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்கு ஆஸ்துமா. வேவிக்கிற எடத்துல இனிமே என்னால நிக்க முடியாது. வாசல்ல எட போடுற எடத்துல காத்தோட்டமா இருக்குது. அங்க போடுங்க. எந்தப் படகு சரக்குல எட கூடறதுக்குத் தண்ணி ஏத்திக் குடுக்குறாங்கன்னு எனக்குப் பார்த்தாலே தெரியும்."

முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒனக்குமா? சொல்லவே இல்லியே" என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "வேற யாருக்காச்சும் இருக்குதா?" என்று குரல் கொடுத்தார். உரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. ஒருத்தி எழுந்தாள். சற்றுப் பொறுத்து, பின்வரிசையில் இன்னொருத்தி. முதலாளி தலையைச் சொறிந்தார். பழகிய ஆட்களையெல்லாம் ஒரே நாளில் அனுப்பிவிட்டு இறாலை யாரை வைத்து உரிப்பது?

ஃபேன் உடனே வந்துவிடவில்லை. சுவர்த் திறப்பு முதலில் வந்தது. மழைக்காலம் தொடங்கும் முன் ஃபேனும் வந்தது. எழுந்து நின்ற மற்ற இருவரில் ஒருத்தி ஷெட்டை விட்டுத் தையலுக்குப் போய்விட்டாள், அவளுக்குத் தையலே பிடித்திருந்தது. மூச்சுக்குழாய் ஒரு முறை பகையாக எடுத்துக்கொண்டதை முழுக்க மறக்குமா, எவ்வளவு நாளில் மறக்கும் என்பதற்கு இன்னும் யாரிடமும் முழுப் பதில் இல்லை. டாக்டரம்மா அதற்குத்தான் அடுத்த ஆராய்ச்சியை எழுதிக்கொண்டிருக்கிறார். நோயைச் சீக்கிரம் கண்டுகொண்டு ஆவியை விட்டு விலகிய ஆட்கள் நன்றாகத் தேறுகிறார்கள் என்பது மட்டும் தெரியும். அக்கா எடைமேடைக்குப் போய்விட்டார். மருந்தையும் விடாமல் இழுக்கிறார்.

போன பொங்கலுக்கு முன்னால், வேலை முடிந்து சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பெண்ணை ஹாஸ்டலில் பார்த்துவிட்டு அக்காவும் அங்கே வந்து சேர்ந்தார். கையில் பெரிய பை, கூடவே ஒரு கட்டுக் கரும்பு. பொண்ணு நல்ல மார்க் வாங்கியிருக்கிறது என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கும்பலோ கும்பல். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே கடலூர் பஸ் வந்து, நிற்காமல் மெதுவாக உருண்டுகொண்டே இருந்தது. "வா பாப்பா!" என்று கத்திவிட்டு அக்கா ஓடினார். கரும்புக் கட்டோடு, ஆட்டோக்களுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே, எனக்கு முன்னால் ஓடினார். படியில் தாவி ஏறி, கரும்பை உள்ளே போட்டுவிட்டு, திரும்பி என் கையைப் பிடித்து மேலே இழுத்தார்.

உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்தான் மூச்சு வாங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது ஓடியதனால் மட்டும் இல்லை. அக்காவோ என் முதுகைத் தடவிக்கொண்டே, பஸ்ஸை ஏன் நிறுத்தவில்லை என்று கண்டக்டரைத் திட்ட ஆரம்பித்திருந்தார். புவனகிரி தாண்டியும் அவர் திட்டு முடியவில்லை.